பெருந்தமனி அழற்சி: படமும் அதன் தேதியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் முதன்மைக் கிளைகளும் அழற்சிக்கு உள்ளாகும்போது, அந்த அழற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா அல்லது அடங்கிவிட்டதா என்பதை மருத்துவப் படங்களைக் கொண்டு எவ்வளவு தூரம் முடிவு செய்யலாம் என்பதே இப்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். நோயைக் கண்டறிவதில் படங்களின் இடம் இன்று உறுதியாகிவிட்டது. கண்டறிந்து மருந்தும் தொடங்கிய பிறகு, ஆறாம் மாதத்தில், ஓராண்டில், ஐந்தாண்டில் எழுகிற கேள்விகளுக்குத்தான் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. தமனியின் படம் அதன் உட்குழாயின் வடிவத்தையோ, சுவரின் தடிப்பையோ, சுவரிலுள்ள உயிரணுக்களின் சர்க்கரைப் பசியையோ காட்டுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. ஆகவே எடுத்த தேதியும், அன்றைய ஸ்டீராய்டு அளவும், முந்தைய படமும் அருகில் இல்லாத ஒரு படத்தைக் கொண்டு நோய் முனைப்பாக இருக்கிறது என்றோ தணிந்துவிட்டது என்றோ எழுதுவது பொருந்தாது என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

1. முனைப்பும் சிதைவும்

குருதி நாள அழற்சிகளை நாளத்தின் பருமனைக் கொண்டு பெயரிடும் முறையைச் சாப்பல் ஹில் கருத்தொருமிப்பு அறிக்கை 1994-இல் வகுத்து, 2012-இல் திருத்தியது. பெருந்தமனியையும் அதன் முதன்மைக் கிளைகளையும் முதன்மையாகத் தாக்குபவை என்று அது இரண்டு நோய்களைக் குறிக்கிறது. ஒன்று, இளம் பெண்களை மிகுதியாகப் பற்றும் தகாயாசு தமனியழற்சி. மற்றொன்று, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் ராட்சத உயிரணுத் தமனியழற்சி. மருத்துவமனைப் பேச்சில் ஜி.சி.ஏ. என்ற மூன்றெழுத்தே அதற்குப் பெயராக வழங்குவதால் இங்கும் அவ்வாறே குறிக்கப்படுகிறது.

ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகாயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் பார்வை நரம்பின் முகப்பைச் சுற்றி நாளங்கள் மாலைபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை 1908-இல் விவரித்தார். அத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை என்பதை அக்காலத்திலேயே ஓனிஷி, ககோஷிமா ஆகிய இரு மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். பிற்காலத்தில் இந்நோய்க்கு ‘நாடியற்ற நோய்’ என்ற பெயரும் வழங்கியது. ஆனால் அந்த நாடி எப்போது நின்றது என்பதை மணிக்கட்டில் வைத்த விரல் சொல்லாது. சென்ற மாதம் நின்றிருந்தால் அது முனைப்பு, அதாவது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இப்போது சுவருக்குள் புகுந்து கேடு செய்துகொண்டிருக்கும் நிலை. பத்தாண்டுகளுக்கு முன் நின்றிருந்தால் அது சிதைவு, அதாவது அழற்சி வந்து போனதன் வடு. முன்னதற்கு ஸ்டீராய்டு வேண்டும், பின்னதற்கு அது வீண். வீண் மட்டுமன்று, எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும் சுமையும்கூட. படத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீது நிற்கிறது.

2. குருதிச் சோதனை கைவிடும் இடம்

சிறுநீரகத்தில் அழற்சி என்றால் ஊசியால் சிறு திசுத்துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். நெற்றிப்பொட்டுத் தமனியையும் ஓரளவு வெட்டி எடுக்கலாம். பெருந்தமனியிலிருந்து மாதிரிக்காக ஒரு துண்டு எடுக்க எவரும் துணியார். எனவே மருத்துவர்கள் நெடுங்காலம் அறிகுறிகளையும், குருதிச் சிவப்பணுக்கள் படியும் வேகமான இ.எஸ்.ஆர். சோதனையையும், கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவையும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தது, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 60 தகாயாசு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட கட்டுரை. இ.எஸ்.ஆர். நோய்முனைப்புக்கு உறுதியான அடையாளமாக அமையவில்லை என்று அது காட்டியது. நோய் தணிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, அடைபட்ட தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவைக்கு வந்தவர்களிடம் எடுத்த தமனித் துண்டுகளில், 44 விழுக்காட்டினருடையவற்றில் நுண்ணோக்கியின் கீழ் உயிருள்ள அழற்சி தென்பட்டது. நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான மருத்துவச் சான்று தேட வேண்டியதில்லை. அக்குழு வகுத்த அளவுகோலே இன்றும் பல ஆய்வுகளில் கையாளப்படுகிறது. காய்ச்சல் முதலிய பொது அறிகுறிகள், உயர்ந்த இ.எஸ்.ஆர்., கை சோர்வு அல்லது நாடிக் குறைவு போன்ற நாள அறிகுறிகள், படத்தில் தெரியும் மாற்றம் ஆகிய நான்கில் இரண்டேனும் புதிதாகத் தோன்றினாலோ மோசமானாலோ நோய் முனைப்பாக உள்ளது என்று அது கொள்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மையங்களின் வாதநோயியல் மருத்துவர்கள் உருவாக்கி 2013-இல் வெளியிட்ட ‘ஐட்டாஸ் 2010’ என்னும் மதிப்பெண் முறையும் இங்கே நினைக்கத்தக்கது. அதன் 44 கூறுகளில் 33 இதயமும் நாளங்களும் சார்ந்தவை. கடந்த மூன்று மாதங்களில் புதிதாக வந்தவற்றுக்கும் மோசமானவற்றுக்கும் மட்டுமே மதிப்பெண். படக்கருவி இல்லாத ஊரிலும் இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்த்து, நாடியைத் தொட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்து இரைச்சல் கேட்டு அதை நிரப்பிவிடலாம். படத்தைச் சேர்க்காமலே காலத்தைக் கணக்கில் கொண்டுவந்தது அதன் சிறப்பு. மெதுவாக, அறிகுறி எதுவுமின்றிச் சுவருக்குள் நகரும் அழற்சியை அது தவறவிடக்கூடும் என்பது அதன் எல்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. டோசிலிசுமாப் என்ற மருந்து, இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சித் தூதுப்பொருளின் வழியை அடைக்கிறது. 251 ஜி.சி.ஏ. நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஜயாக்டா ஆய்வில், வாரந்தோறும் இம்மருந்து பெற்றவர்களில் 56 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு இன்றி நீடித்த தணிவில் இருந்தார்கள்; 26 வாரங்களில் ஸ்டீராய்டைக் குறைத்துப் போலி மருந்து பெற்றவர்களில் அது 14 விழுக்காடு மட்டுமே. மருந்தின் வலிமையில் ஐயமில்லை. ஆனால் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரப்பதே இன்டர்லூக்கின்-6-இன் தூண்டலால் என்பதால், இம்மருந்தில் இருக்கும் நோயாளியின் சி.ஆர்.பி. நோய் எழுந்தாலும் எழாமல் கிடக்கும். வழக்கமான எச்சரிக்கை மணியின் நாக்கை மருந்தே கட்டிவிடுகிறது. இத்தகைய நோயாளி மருத்துவர் முன் அமரும்போதுதான் படத்தின் தேவை உண்மையில் கூர்மையடைகிறது.

3. மூன்று காட்சிகள், மூன்று வேகங்கள்

உட்குழாயைக் காட்டுவன சி.டி. ஆஞ்சியோகிராமும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமும். குறுகல், அடைப்பு, விரிந்து பலூன்போல் புடைத்தல் ஆகியவை அவற்றில் தெளிவாகத் தெரியும். இந்தியத் தகாயாசு நோயாளிகளில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி குறுகுவதாலும், அதனால் இளவயதிலேயே இரத்த அழுத்தம் ஏறுவதாலும், இப்படம் இங்கே தவிர்க்க முடியாதது. ஆயினும் உட்குழாயின் குறுகல் பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயம்; சுவரில் அழற்சி நெடுநாள் நடந்த பின்னரே குழாய் சுருங்குகிறது. முந்தைய படத்தில் இல்லாத குறுகல் இன்றைய படத்தில் இருந்தால், இடைப்பட்ட காலத்தில் நோய் நடந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இன்று நடக்கிறதா என்பதை அதுவும் சொல்லாது.

சுவரைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டு முன்னிற்கிறது. நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, சிறிய உயரதிர்வெண் புரோபை மயிர்க்காலோரம் மெல்ல நகர்த்தும்போது, நலமான தமனி மெல்லிய கோடுகளுக்கு நடுவே வண்ணம் துடிக்கும் சிறு குழாயாகத் தோன்றும். ஜி.சி.ஏ. உள்ள தமனியில் அந்த வண்ணத்தைச் சுற்றிக் கருமையான வளையம் ஒன்று இருக்கும். நீர்கோத்து வீங்கிய சுவரே அது. புரோபைச் சற்று அழுத்தினால் நலமான தமனி முழுவதும் திரையிலிருந்து மறைந்துபோகும். வீங்கிய தமனியோ உட்குழாய் மறைந்த பின்னும் கருத்த தழும்பாக அங்கேயே நிற்கும். ஐயம் தீர்க்கும் இந்த எளிய அழுத்தத்துக்கு அரை நிமிடமும் ஆகாது.

ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஷ்மிட் குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிப்பொட்டுத் தமனியழற்சி உள்ள 30 பேரில் 22 பேரிடம் இந்த வளையம் காணப்பட்டது. ஸ்டீராய்டு தொடங்கிய பின் சராசரி 16 நாளில் அது மறைந்தது. நெற்றிப்பொட்டைப் பொறுத்தவரை வளையம் விரைவில் போவதும், மறுகிளர்ச்சியில் திரும்பி வருவதும் முனைப்பைக் கணிக்க உதவுகின்றன. அக்குள் தமனிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே தடித்த சுவர் மாதக்கணக்கில் மெலிந்து, பலரிடம் முழுதாக இயல்புக்குத் திரும்பாமலே நின்றுவிடுகிறது. தகாயாசு நோயாளியின் கழுத்துத் தமனியில் காணப்படும், ‘மாக்கரோனி அடையாளம்’ எனப்படும் நீண்டு சீரான தடிப்பும் அவ்வாறே. ஒரே கருவி, ஒரே சொல்லான தடிப்பு, ஒரே நோயாளி. தமனிக்குத் தமனி வேகம் வேறு. அறிக்கையில் ‘தடிப்பு உள்ளது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார்?

எம்.ஆர்.ஐ. சுவரின் தடிப்போடு அதில் கோத்த நீரையும், மாறுபாட்டு மருந்தை அது உறிஞ்சும் தன்மையையும் காட்டுகிறது. கதிர்வீச்சு இல்லாததால் இளம் பெண்களைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க இதுவே ஏற்றது. நீர்க்கோப்பு இருந்தால் முனைப்பு என்று தொடக்கத்தில் எளிதாகக் கொள்ளப்பட்டது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தெளிவாக முனைப்பான நிலையில் எடுத்த தகாயாசு படங்களில் 94 விழுக்காட்டில் நீர்க்கோப்பு இருந்தது. தணிந்த நிலையில் எடுத்தவற்றிலும் 56 விழுக்காட்டில் இருந்தது. மேலும் நீர்க்கோப்புள்ள இடத்தில் பின்னர்ப் புதுக்குறுகல் வருமென்ற ஒழுங்கான தொடர்பும் கிடைக்கவில்லை. தணிந்ததாக நினைத்தவர்களில் பலரிடம் நெருப்பு மிச்சமிருந்ததா, அல்லது ஆறும் புண்ணின் ஈரத்தைப் படம் நெருப்பென்று காட்டியதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் முழுதாகத் தீரவில்லை.

4. உயிரணுவின் பசி

மூன்றாவது காட்சி பெட் ஸ்கேன். குளுக்கோஸைச் சற்றே மாற்றிக் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவைப் பொருத்திய எஃப்.டி.ஜி. என்னும் பொருள் சிரையில் ஏற்றப்படுகிறது. அழற்சியில் ஈடுபட்ட உயிரணுக்கள் சர்க்கரையை மிகுதியாக இழுக்கின்றன, இழுத்த எஃப்.டி.ஜி. உள்ளே பாஸ்பேட்டு ஏற்று, மேற்கொண்டு சிதையவும் வெளியேறவும் இயலாமல் மாட்டிக்கொள்கிறது. அதன் ஒளிர்வையே கருவி பதிவு செய்கிறது. மனிதருக்கு இது முதன்முதலில் செலுத்தப்பட்டது 1976-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்; அப்போதைய நோக்கம் மூளையைப் படம் பிடிப்பது. புற்றுநோய்க்காகப் பரவிய கருவியில் தமனிச் சுவர் ஒளிர்வதை மருத்துவர்கள் கண்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

படத்தின் தரம் கருவியறைக்கு வெளியிலேயே தீர்மானமாகிறது. நோயாளி ஆறு மணி நேரமாவது உணவின்றி வரவேண்டும். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருந்தால், உடலின் சொந்தக் குளுக்கோஸே எஃப்.டி.ஜி.யோடு போட்டியிட்டு ஒளிர்வை மங்கவைக்கும். மருந்து ஏற்றியபின் பேசாமல், அசையாமல், போர்வைக்குள் ஒரு மணி நேரமேனும் படுத்திருக்க வேண்டும்; அசைந்தால் தசை குடித்துவிடும், குளிர்ந்தால் கழுத்தின் பழுப்புக் கொழுப்பு குடித்துவிடும். இக்காத்திருப்பு ஓர் ஆய்வில் ஒரு மணி நேரமும் மற்றோர் ஆய்வில் இரண்டு மணி நேரமும் என்றிருந்தால், குருதியில் மிஞ்சிய ஒளிர்வு மாறி, அவ்விரண்டு படங்களையும் ஒப்பிட இயலாமற் போகிறது. ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம் என்பதால் காத்திருப்பை விருப்பம்போல் நீட்டவும் வழியில்லை.

தமனிச் சுவரின் ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டுச் சுழியம் முதல் மூன்று வரை தரமிடுவது வழக்கம். கல்லீரலுக்கு இணையானால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. பெருந்தமனியின் நான்கு பகுதிகள், அதன் வளைவிலிருந்து முதலில் கிளைக்கும் பெயரற்ற தமனி, இரு கழுத்துத் தமனிகள், இரு காறையடித் தமனிகள் என ஒன்பது இடங்களின் தரத்தையும் கூட்டினால் 27 வரை வரும். ‘பெட்வாஸ்’ என்பது இந்தக் கூட்டுத்தொகை.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இங்கே பயன் தரும். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 35 ஜி.சி.ஏ. நோயாளிகளில் 29 பேருக்கு நோய் கண்டறிந்தபோது தமனிகள் ஒளிர்ந்தன. மூன்றாம் மாதத்தில் ஒளிர்வு வெகுவாகக் குறைந்தது. ஆறாம் மாதத்தில் அதற்கு மேல் குறையவில்லை. எஞ்சிய ஒளிர்வுக்கும் பின்னர் நோய் திரும்பியதற்கும் தொடர்பு தெரியவில்லை. பெட்வாஸை முன்வைத்த 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், மருத்துவ நோக்கில் தணிந்த நிலையில் எடுத்த 71 படங்களில் 41 படங்கள் முனைப்பு என்றே வாசிக்கப்பட்டன. அத்தணிவு நிலையில் பெட்வாஸ் 20-ஐ எட்டியவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், எட்டாதவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. ஒன்று தொடர்பில்லை என்கிறது, மற்றொன்று உண்டு என்கிறது. இவற்றில் ஒன்று தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. முன்னது, நோய் கண்டறிந்து மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களைப் பார்த்தது. பின்னது, நோயின் பல கட்டங்களில் இருந்தவர்களைச் சேர்த்துப் பார்த்தது. ஒளிர்வு இருக்கிறதா என்பதைவிட எந்த மாதத்தில், எவ்வளவு என்பதே பொருளுள்ள கேள்வி என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தோன்றும்.

ஸ்டீராய்டு இந்தக் கேள்வியை எவ்வளவு விரைவாக மாற்றிவிடுகிறது என்பதை டென்மார்க்கில் நடந்து 2018-இல் வெளியான சிறிய ஆய்வு காட்டியது. முதற்படத்தில் பெருந்தமனிகள் ஒளிர்ந்த ஜி.சி.ஏ. நோயாளிகளை ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாள் மீண்டும் படமெடுத்தபோது பத்துப் பேரிலும் நோய் தெரிந்தது. பத்தாம் நாள் எடுத்த 14 பேரில் ஐவரிடம் மட்டுமே தெரிந்தது. பத்து நாளுக்குள் பலரிடம் சாட்சி மறைந்துவிடுகிறது. அதற்காகக் கண்பார்வை போகும் அச்சமுள்ள நோயாளிக்குப் படம் வரும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் இதே மூச்சில் சொல்லப்பட வேண்டியது.

5. ஒளிர்வனவெல்லாம் நோயல்ல

வயதானவர்களின் தமனியில் கொழுப்புப் படிவும் ஒளிரும். அது பெரும்பாலும் திட்டுத்திட்டாக இருக்கும், நாள அழற்சியோ சுவர் நெடுக ஒரே கோடாக ஓடும். செயற்கைத் தமனிக் குழாய் பொருத்தியவர்களிடம் அக்குழாயைச் சுற்றிய ஒளிர்வு நோய் அடங்கிய பின்னும் நீடிப்பதுண்டு. தமிழ்நாட்டில் கூடுதலாக நினைக்க வேண்டியது காசநோய்: தகாயாசுக்காக எடுத்த பெட் படத்தில் நெஞ்சுக்கூட்டின் நிணநீர்க் கணுக்கள் ஒளிர்ந்தால், ஸ்டீராய்டை ஏற்றுமுன் அக்கணுக்களுக்கு விடை தேடியாக வேண்டும்.

6. எப்போது எடுப்பது

ஐரோப்பிய வாதநோயியல் கூட்டமைப்பான யூலார் 2018-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த பரிந்துரைகள், ஜி.சி.ஏ.யைக் கண்டறிய அல்ட்ராசவுண்டையும் தகாயாசுக்கு எம்.ஆர்.ஐ.யையும் முதலிடத்தில் வைக்கின்றன. மருத்துவ நோக்கிலும் குருதிச் சோதனையிலும் தணிவில் இருப்பவரை வழக்கமாகப் படமெடுக்க அவை சொல்வதில்லை. மறுகிளர்ச்சி ஐயம் எழும்போது எடுக்கலாம் என்றும், குறுகலையும் புடைப்பையும் நெடுங்காலம் கண்காணிக்கப் படம் பயன்படலாம் என்றும் சொல்கின்றன. கதிர்வீச்சையும் செலவையும் எண்ணினால் இது நியாயமான கட்டுப்பாடு. ஆனால் டோசிலிசுமாபில் இருப்பவருக்குக் குருதிச் சோதனையில் தணிவு என்ற சொல்லே பொருளிழந்திருப்பதால், அவரைப் பொறுத்தவரை இந்தப் பரிந்துரையைச் சற்றுத் தளர்த்திப் படிப்பது தகும் என்பது இப்பொழிவின் துணிபு. அத்தகையவருக்கு மருந்து தொடங்குமுன் ஓர் அடிப்படைப் படம் இருப்பது, பின்னால் எடுக்கும் எந்தப் படத்தைவிடவும் மதிப்புள்ளது. அது இல்லையென்றால் பின்னவற்றை ஒப்பிட ஒன்றுமே இல்லை.

7. ஒரு துண்டுச்சீட்டு

நடைமுறையில் இவை அனைத்தும் கதிரியல் துறைக்குச் செல்லும் கோரிக்கைச் சீட்டில் வந்து முட்டுகின்றன. ‘தகாயாசு, முனைப்பா?’ என்ற இரண்டு சொற்களோடு வரும் சீட்டுக்கு, எவ்வளவு தேர்ந்த கதிரியலாளரும் ஊகத்தைத்தான் திருப்பித் தர முடியும். நோய் தொடங்கிய ஆண்டு, இன்றைய ஸ்டீராய்டு அளவும் அது எத்தனை வாரமாக அதே அளவில் உள்ளது என்பதும், டோசிலிசுமாப் போன்ற மருந்து நடக்கிறதா என்பது, பொருத்திய குழாயோ ஸ்டெண்டோ உண்டா என்பது, முந்தைய படத்தின் தேதியும் அதன் குறுந்தகடும் ஆகியவை சீட்டோடு சென்றால், ‘இடக் காறையடித் தமனியின் ஒளிர்வு சென்ற படத்தில் மூன்று, இப்போது ஒன்று, சுவர்த் தடிப்பு மாறவில்லை, குறுகல் பழையதே’ என்று அறிக்கை வரும். அந்த மூன்று வாக்கியங்களை வைத்து ஸ்டீராய்டை 10 மில்லிகிராமிலிருந்து ஏழரைக்குக் குறைக்கலாமா என்று அடுத்த அறையில் இருக்கும் வாதநோய் மருத்துவர் நோயாளியின் இரு மணிக்கட்டுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.